ராஃபிள்ஸ் கல்லூரி முதல் லெம்பா பந்தாய் வரை: மலாயாப் பல்கலைக்கழக வேதியியல் துறை வளர்ந்த கதை

'கீமியா' என்றாலே நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் அரசாங்க இரசாயன இலாகாதான். போதைப்பொருள் வழக்கா, உணவு நச்சுச் சம்பவமா, மரபணுச் சோதனையா, எதுவானாலும் "இரசாயன இலாகாவின் அறிக்கை வரட்டும்" என்று செய்திகளில் படிக்கிறோம். ஆனால், அந்த அறிக்கையை எழுதுகிறவர் எங்கே படித்தார், அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யார், இந்த நாட்டில் வேதியியல் படிப்பு எப்போது தொடங்கியது என்று கேட்டால் பதில் சொல்பவர்கள் குறைவு.

அந்தக் கேள்விகளுக்கான பதிலில் பெரும்பகுதி கோலாலம்பூர் லெம்பா பந்தாயில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் இருக்கிறது. மரம் சீவியும், மருந்து தெளித்தும், செம்பனை வெட்டியும் வாழ்ந்த ஒரு சமூகத்துக்கு இந்தத் துறையின் வரலாறு அந்நியமானதல்ல. நம் பாட்டன் பாட்டியின் கைகளில் புழங்கிய பொருள்களைப் பற்றித்தான் அதன் ஆய்வுக்கூடங்களிலும் ஆராய்ந்தார்கள். நம் பிள்ளைகள் அந்தக் கூடங்களுக்குள் எத்தனை பேர் போனார்கள் என்பதுதான் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

கல்லூரிக்கு முன்பே வந்த வேதியியல்

மலாயாவில் பட்டதாரி வேதியியலாளர்கள் உருவாவதற்கு முன்பே வேதியியல் தோட்டங்களுக்கு வந்துவிட்டது. காலையில் சீவிய பாலை ஸ்டோருக்குக் கொண்டுபோய், தண்ணீர் கலந்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, தகடாக உருட்டிப் புகைக்கூட்டில் தொங்கவிட்டது, தொடக்கம் முதல் முடிவு வரை, வேதியியல்தான்.

அங்கே நடப்பது இதுதான். மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். ரப்பர் கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாகப் பாலில் மிதக்கிறது. ஒவ்வோர் உருண்டையையும் புரதம் கலந்த ஒரு மெல்லிய போர்வை மூடியிருக்கிறது. அந்தப் போர்வைக்கு எதிர் மின்னூட்டம் உண்டு. அதனால் உருண்டைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகியே நிற்கின்றன. ஃபார்மிக் ஆசிட் சேர்ந்ததும் அந்த மின்னூட்டம் தணிகிறது. தள்ளிக்கொண்டிருந்த உருண்டைகள் ஒட்டிக்கொள்கின்றன. பால் கட்டியாகிறது.

ஆசிட் ஊற்றாமலேயே மங்கில் பால் கட்டிவிடுவதும் இதே காரணத்தால்தான். வெயில் ஏற ஏறப் பாலில் பாக்டீரியாக்கள் பெருகி அமிலத்தை உண்டாக்குகின்றன. பாலைக் கட்டாமல் வைக்க அம்மோனியா சேர்ப்பது இதற்கு நேர்மாறான வேலை. அம்மோனியா பாக்டீரியாவையும் ஒடுக்குகிறது, அமிலத்தையும் முறிக்கிறது. புகைக்கூட்டின் புகை தகட்டை உலர்த்துவதோடு நிற்பதில்லை. அதிலுள்ள சில பொருள்கள் பூஞ்சணம் பிடிக்காமலும் காக்கின்றன.

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இவை அனைத்தும் கைப்பழக்கம். எவ்வளவு ஆசிட், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஏன் என்ற விளக்கம் மட்டும் வேறிடத்தில் எழுதப்பட்டது. அந்த இடங்களில் முதன்மையானது 1925-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம். சுங்கை பூலோவில் அதன் ஆய்வுத் தோட்டம் இருந்ததைப் பழைய தலைமுறையினர் அறிவர். சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் கல்லூரி வகுப்புகளைத் தொடங்கியது 1928-இல். இந்த மண்ணின் பிள்ளைகளுக்கு உயர்நிலை அறிவியல் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே இந்த மண்ணின் ரப்பரை ஆராயக் கழகம் வந்துவிட்டது. அன்றைய ஆட்சியாளர்களுக்கு எது முதலில் தேவைப்பட்டது என்பதை இந்த ஆண்டுக் கணக்கே சொல்லிவிடுகிறது.

மருத்துவப் பள்ளியும் ராஃபிள்ஸ் கல்லூரியும்

மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு மூலவேர்கள். முதலாவது, 1905-இல் சிங்கப்பூரில் 23 மாணவர்களோடு தொடங்கிய மருத்துவப் பள்ளி. அதற்காகச் சீன வணிகர் தான் ஜியாக் கிம் தலைமையில் பொதுமக்கள் திரட்டிய தொகை 87,077 வெள்ளி. இந்தப் பள்ளி பின்னர் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரி ஆனது.

இரண்டாவது வேர் ராஃபிள்ஸ் கல்லூரி. ஆங்கிலேயர் சிங்கப்பூரில் கால்பதித்த நூற்றாண்டு நினைவாகத் திட்டமிடப்பட்டு, 1928-இல் புக்கிட் தீமாவில் பாடங்களைத் தொடங்கி, 1929-இல் முறைப்படித் திறக்கப்பட்டது. கலைப் பாடங்களோடு கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவையும் அங்கே கற்பிக்கப்பட்டன. இந்த வட்டாரத்தில் வேதியியல் ஒரு தனித்துறையாக வளர்ந்தது இங்கிருந்துதான். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையும், நம் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையும் இந்த ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகள்.

ஆனால் ராஃபிள்ஸ் கல்லூரி பட்டம் தரவில்லை. மூன்றாண்டுப் படிப்பின் முடிவில் டிப்ளோமா மட்டுமே கிடைத்தது. படித்து வெளியே வந்தவர்களில் பலர் ஆசிரியர்களாயினர். மலாயாவின் ஆங்கிலப் பள்ளிகளில் அறிவியல் போதித்த உள்ளூர் ஆசிரியர்களில் ஒரு தலைமுறை இங்கே உருவானது.

1942-இல் ஜப்பானியர் வந்தனர். கல்லூரி மூடப்பட்டது. அதே ஆண்டுகளில்தான் தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். போர் முடிந்தபின் 1946-இல் கல்லூரி மீண்டும் திறக்கப்பட்டது. 1947-இல் சர் அலெக்சாண்டர் கார்-சாண்டர்ஸ் தலைமையிலான குழு, இரண்டு கல்லூரிகளையும் இணைத்து முழுப் பல்கலைக்கழகமாக்கலாம் என்று பரிந்துரைத்தது. 1949 அக்டோபர் 8-ஆம் நாள் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. உள்ளூரிலேயே அறிவியல் பட்டம் பெறும் வழி அன்றுதான் திறந்தது.

தமிழர்களுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தோடு இன்னொரு பந்தமும் உண்டு. 1956-இல் அங்கே இந்திய ஆய்வியல் துறை தொடங்கியது. அதில் தமிழ் நிலைபெற வேண்டும் என்பதற்காக, தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி முன்னின்று நடத்திய 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு மலாயா, சிங்கப்பூர்த் தமிழர்கள் வாரி வழங்கினர். நூல்நிலையத்தில் தமிழ் நூல்கள் அடுக்கப்பட்டதற்குப் பின்னால் சாதாரண மக்களின் காசும் இருந்தது. தமிழுக்காக அந்த வாசல்வரை நடந்த சமூகம், பக்கத்திலிருந்த அறிவியல் கட்டடத்தின் வாசலுக்குப் பெரும்பாலும் போகவில்லை. போக முடியாத காரணங்களும் இருந்தன. தோட்டத் தமிழ்ப்பள்ளியிலிருந்து ஆங்கில இடைநிலைப்பள்ளிக்குப் போவதே அன்று பெரும் பயணம்.

கோலாலம்பூருக்கு வந்த துறை

நாடு விடுதலை பெற்றபின் தலைநகரில் பல்கலைக்கழகம் தேவைப்பட்டது. 1959 ஜனவரி 15-ஆம் நாள் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூர், கோலாலம்பூர் என இரண்டு தன்னாட்சிப் பிரிவுகளாயிற்று. அந்த ஆண்டே லெம்பா பந்தாய் வளாகத்தில் அறிவியல் புலம் தொடங்கியது. வேதியியல் அதன் அடிப்படைத் துறைகளில் ஒன்று. 1962 ஜனவரி 1 முதல் இரண்டு பிரிவுகளும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாயின. கோலாலம்பூரில் இருந்தது மலாயாப் பல்கலைக்கழகம் என்ற பெயரை வைத்துக்கொண்டது. சிங்கப்பூரில் இருந்தது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் ஆயிற்று.

கோலாலம்பூர்த் துறையைக் கட்டியெழுப்பியவர்களில் முக்கியமானவர் பேராசிரியர் ரேசன் ஹுவாங். சீனாவின் சுவாத்தோவில் 1920-இல் பிறந்தவர். ஹாங்காங்கில் படித்து, ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு செய்து, அமெரிக்காவின் சிக்காகோவில் பணியாற்றிவிட்டு 1951-இல் சிங்கப்பூருக்கு விரிவுரையாளராக வந்தார். 1959-இல் கோலாலம்பூரில் வேதியியல் பேராசிரியர் பொறுப்பேற்றார். பின்னர் 1969-இல் சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும், 1972 முதல் ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் உயர்ந்தார்.

ஒற்றை எலக்ட்ரானின் கதை

ரேசன் ஹுவாங்கின் ஆய்வுத்துறை 'ஃபிரீ ராடிக்கல்'. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதைத் 'தனி உறுப்பு' என்கின்றன. மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் பொதுவாக இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்திருக்கும். ஜோடியில்லாத ஒற்றை எலக்ட்ரானோடு திரியும் துண்டுதான் தனி உறுப்பு. அது சும்மா இருக்காது. அருகிலிருக்கும் மூலக்கூற்றிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கும். பறிகொடுத்தது அடுத்ததிடம் பிடுங்கும். இப்படியே சங்கிலி நீளும்.

இதைப் பற்றி ஹுவாங் தம் துறைச் சகாக்களான கோ, ஓங் ஆகியோருடன் சேர்ந்து எழுதிய பாடநூல் 1974-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. கேட்பதற்கு ஏட்டுச் சுரைக்காய் போலத் தோன்றலாம். ஆனால், பழைய டயர் வெயிலில் வெடித்துப்போவதிலும், எண்ணெய் நாளாகிச் சிக்கு நாற்றம் அடிப்பதிலும், பிளாஸ்டிக் பை தயாராவதிலும் இந்தச் சங்கிலிதான் வேலை செய்கிறது.

தோட்ட மக்களின் உடம்போடு நேரடித் தொடர்புள்ள ஓர் உதாரணமும் உண்டு. அது பாராகுவாட் என்னும் களைக்கொல்லி. 'கிராமக்சோன்' என்ற வணிகப் பெயரில் பலர் அறிந்தது. முதுகில் தோம்பு சுமந்து, ரப்பரிலும் செம்பனையிலும் அதைத் தெளித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் நம் தாய்மார்கள் ஏராளம்.

பாராகுவாட் இலைக்குள் புகுந்ததும், சூரிய ஒளியில் உணவு தயாரிக்கும் பாதையிலிருந்து எலக்ட்ரானைத் திருடிக்கொண்டு தானே ஒரு தனி உறுப்பாக மாறுகிறது. திருடியதை உடனே ஆக்சிஜனிடம் கொடுத்துவிட்டு மீண்டும் திருடப் போகிறது. எலக்ட்ரானைப் பெற்ற ஆக்சிஜன் செல்களை அரிக்கும் நச்சாகிறது. சில மணி நேரத்தில் இலை கருகுகிறது. மனித உடம்பிலும் இதே வேலைதான். குறிப்பாக நுரையீரல் அதைத் தேடிச் சேர்த்துக்கொள்கிறது. அங்கே ஆக்சிஜனுக்கும் பஞ்சமில்லை. அதனால்தான் பாராகுவாட் நச்சு நுரையீரலைச் சுருக்கிவிடுகிறது. புண்ணோ கீறலோ உள்ள தோல் வழியாகவும் அது உடம்புக்குள் செல்லக்கூடியது.

மருந்து தெளிக்கும் பெண்களின் நிலையைத் தெனாகனித்தா அமைப்பு 2002-இல் அறிக்கையாக வெளியிட்டது. அந்த ஆண்டே அரசாங்கம் பாராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006-இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. இறுதியாக 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை நடப்புக்கு வந்தது. இந்தப் பதினெட்டு ஆண்டு இழுபறியில், ஆலோசனை அறைகளில் வேதியியல் தெரிந்தவர்கள் பேசினார்கள். தோம்பு சுமந்தவர்களுக்காகப் பேசியவர்கள் அந்த மொழியையும் கற்றுக்கொண்டுதான் போராட வேண்டியிருந்தது.

காட்டுச் செடிகளைத் தேடி

மலாயாவின் வேதியியல் ஆய்வுக்கு உலகில் தனி அடையாளம் தேடித் தந்தவை இந்நாட்டின் செடிகொடிகள். 1950களிலேயே சிங்கப்பூர் வளாகத்தில் கியாங் ஐ கிம், டக்ளஸ் ஆகியோர் மலாயாத் தாவரங்களில் எவற்றில் அல்கலாய்டு இருக்கிறது என்ற கணக்கெடுப்பைத் தொடங்கினர். பின்னர் மோர்சிங் என்பவரும் அவர்களோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை 1961-இல் வந்தது. கியாங் பிற்காலத்தில் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக வேதியியல் துறைக்குத் தலைமையேற்றார்.

அல்கலாய்டு என்பது செடிகள் தயாரிக்கும், நைட்ரஜன் கலந்த பொருள்களின் குடும்பம். காப்பியிலுள்ள கஃபீனும், மலேரியாவுக்குக் கொடுத்த குவினைனும், வலி மருந்தான மார்ஃபினும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எனவே புதிய அல்கலாய்டு என்பது புதிய மருந்துக்கான வாய்ப்பு. இத்தகைய கணக்கெடுப்புகளில் செய்யப்படும் முதல் சோதனை எளிமையானது. இலையை நசுக்கி, சாற்றைப் பிரித்து, அமிலத்தில் கரைத்து, பாதரசம் கலந்த மாயர் கரைசலில் ஒரு சொட்டு விடுவார்கள். வெள்ளையாகக் கலங்கினால் அல்கலாய்டு இருக்கக்கூடும். காட்டிலிருந்து வரும் நூற்றுக்கணக்கான இலைகளில் எதை மேற்கொண்டு ஆராய்வது என்று இப்படித்தான் சலித்தெடுத்தார்கள்.

கோலாலம்பூர்த் துறை இந்தப் பணியைத் தொடர்ந்து, ஃபிரான்ஸ் நாட்டு அறிவியலாளர்களோடு பல்லாண்டுக் கூட்டாய்வாகவும் வளர்த்தது. பேராசிரியர் காம் தோ சியோக்கின் குழு கொப்சியா, தபெர்னெமோந்தானா இனச் செடிகளிலிருந்து ஏராளமான புதிய அல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தது. இரண்டாவது இனம் நம் வீட்டு வாசலில் பூக்கும் நந்தியாவட்டையின் இனம். கொப்சியாவிலிருந்து 1995-இல் அவர்கள் அறிவித்த லுண்டுரின் என்ற பொருளின் அமைப்பு அத்தனை விசித்திரமானது. அதைச் செயற்கையாகக் கட்டியெழுப்ப உலக ஆய்வாளர்கள் பலர் முயன்றனர். ஜப்பான், சீன ஆய்வுக்குழுக்கள் அதில் வெற்றி கண்டது 2014-இல்தான். ஒரு செடி சத்தமில்லாமல் செய்வதை மனிதன் செய்துகாட்ட ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின.

இந்த ஆய்வுகள் காட்டை நம்பியவை என்பதற்குச் சரவாக்கில் ஒரு பாடம் உண்டு. அங்கே 1987-இல் அமெரிக்கப் புற்றுநோய்க் கழகத்துக்காகச் சேகரிக்கப்பட்ட பிந்தாங்கோர் இன மரத்தின் இலையில், எச்.ஐ.வி. கிருமியைத் தடுக்கும் கலனோலைட் ஏ என்ற பொருள் இருப்பது 1992-இல் வெளியானது. மேலும் இலை எடுக்கப் போனபோது அந்த மரம் வெட்டப்பட்டிருந்தது. பின்னர் அதே வகை மரங்கள் சிங்கப்பூர்ப் பூமலையில் இருந்ததால் ஆய்வு தொடர்ந்தது. பெயர் தெரியாத மரம் என்பதற்காகப் பயன் இல்லாத மரம் என்று யாரும் முடிவு கட்டிவிட முடியாது.

ஈயமும் செம்பனையும்

செடிகளோடு துறை நிற்கவில்லை. கரிம வேதியியல், கனிம வேதியியல், இயற்பிய வேதியியல், பகுப்பாய்வு, பல்படி வேதியியல் என்று கிளைகள் விரிந்தன. நாட்டின் பொருளாதாரம் எதை நம்பியிருந்ததோ அதுவே ஆய்வுப் பொருளும் ஆயிற்று.

ஈய லம்பங்களால் பெயர்பெற்ற நாடு இது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த பேராசிரியர் வி.ஜி. குமார் தாஸ், ஈயத்தைக் கரிமப் பொருள்களோடு இணைத்து உருவாக்கும் சேர்மங்களில் ஆய்வு நடத்தியவர். பயிர்களைத் தாக்கும் பூஞ்சை, பூச்சிகளுக்கு எதிராக அவற்றைப் பயன்படுத்தலாமா என்பது அந்த ஆய்வுகளில் ஒரு கேள்வி. இத்தகைய ஈயச் சேர்மங்களுக்கு இரண்டு பக்கம் உண்டு. கப்பலின் அடியில் சிப்பிகள் ஒட்டாமலிருக்கப் பூசிய ஈயக் கலவைச் சாயம் கடல் உயிர்களைக் கெடுத்ததால், அதைத் தடை செய்யும் அனைத்துலக ஒப்பந்தம் 2001-இல் ஏற்கப்பட்டு 2008-இல் நடப்புக்கு வந்தது. ஒரு பொருள் எங்கே உதவும், எங்கே கெடுக்கும் என்று அளந்து சொல்வதும் வேதியியலாளரின் வேலைதான்.

ரப்பரில் 1965-இல் ஒரு திருப்பம் வந்தது. அதுவரை தகட்டைக் கண்ணால் பார்த்துத் தரம் சொன்னார்கள். 'எஸ்.எம்.ஆர்.' என்ற தரமுறை வந்தபின் அழுக்கு, சாம்பல், நைட்ரஜன் போன்றவற்றை ஆய்வுக்கூடத்தில் அளந்து தரம் குறித்தார்கள். இதனால் ரப்பர் தொழிலுக்குப் பயிற்சி பெற்ற வேதியியலாளர்கள் தேவைப்பட்டனர். பின்னர் செம்பனை வந்தது. 1979-இல் செம்பனை எண்ணெய்க்கெனத் தனி ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. செம்பனை எண்ணெயிலிருந்து சாயத்துக்கான பசைகள் செய்வது போன்ற ஆய்வுகள் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் நடந்தன.

மொழி மாறிய வகுப்பறை

ராஃபிள்ஸ் காலத்திலிருந்து ஆங்கிலத்தில் நடந்த பாடங்கள், தேசிய மொழிக் கொள்கையின்படி 1970களில் படிப்படியாக மலாய்க்கு மாறின. 1980களின் தொடக்கத்தில் மலாயே முதன்மைப் போதனை மொழி. டேவான் பஹாசா கலைச்சொற்களை உருவாக்கியது. ஆய்வுக்கட்டுரைகள் மட்டும் ஆங்கிலத்திலேயே தொடர்ந்தன.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு இது மூன்று மொழிப் பயணம். ஆறாம் ஆண்டுவரை 'அமிலம்' என்று படித்தது, இடைநிலைப்பள்ளியில் 'அசிட்' ஆகிறது. தனிமம் 'உன்சுர்' ஆகிறது. சேர்மம் 'செபாத்தியான்' ஆகிறது. பல்கலைக்கழகம் போனால் அதே சொற்கள் ஆங்கிலத்தில் வருகின்றன. பிள்ளைக்குக் கருத்து தெரிந்திருந்தும் சொல் தெரியாமல் பின்தங்குவது உண்டு. முதலாம் படிவத்தில் வரும் இந்தத் தடுமாற்றத்தைப் 'பிள்ளைக்கு அறிவியல் வராது' என்று நாம் முடிவு கட்டிவிடக் கூடாது. மூன்று மொழியிலும் சொற்களை எழுதிய ஒரு பக்கத் தாளைச் சுவரில் ஒட்டிவைப்பது, தமிழ்ப்பள்ளியோ வீடோ செலவில்லாமல் செய்யக்கூடிய உதவி.

நமக்கு ஏன் வேண்டும்?

2019 மார்ச் மாதம் ஜொகூர் பாசீர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை நாடினர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. காற்றில் என்ன கலந்திருக்கிறது, எது ஆபத்து, எப்போது பள்ளியைத் திறக்கலாம் என்ற ஒவ்வொரு கேள்விக்கும் வேதியியல் தெரிந்தவர்களிடம்தான் பதில் இருந்தது.

தொழிற்சாலைகளிலும் தோட்டங்களிலும் பயன்படுத்தும் ஆபத்தான இரசாயனங்களுக்குப் பாதுகாப்புத் தரவுத்தாள் இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டின் விதி. அது மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். எந்தக் கையுறை அணிவது, கண்ணில் பட்டால் என்ன செய்வது, எதோடு எதைக் கலக்கக்கூடாது என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். அதை வாசித்து, புரிந்து, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தமிழில் எடுத்துச் சொல்ல ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் அதுவே ஒரு பாதுகாப்பு.

வேலை வாய்ப்பும் உண்டு. தண்ணீர்ச் சுத்திகரிப்பு, உணவு, மருந்து, கையுறைத் தொழிற்சாலை, செம்பனை ஆலை, எண்ணெய் எரிவாயு, சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடம், அரசாங்க இரசாயன இலாகா, ஆசிரியப்பணி எனப் பல துறைகளில் வேதியியல் பட்டதாரிகள் வேலை செய்கின்றனர். 1967-இல் தொடங்கிய மலேசிய வேதியியல் கழகமும் 1975-ஆம் ஆண்டின் வேதியியலாளர் சட்டமும் இந்தத் தொழிலுக்கு வரையறை தந்துள்ளன. மருத்துவர், வழக்கறிஞர் போல, வேதியியலாளரும் பதிவு செய்துகொள்ளும் தொழில் இது. எனவே எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும், அந்தப் பட்டத்தை வேதியியல் கழகம் ஏற்கிறதா என்று சேருமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படிச் செல்வது?

நூற்றுக்கு அறுபது மாணவர்கள் அறிவியல் படிக்க வேண்டும் என்ற அரசாங்க இலக்கு 1960களின் இறுதியில் வகுக்கப்பட்டது. அது இன்றும் எட்டப்படவில்லை. அறிவியல் கடினம், பாதுகாப்பாக வணிகப் பாடம் எடுத்துக்கொள் என்ற அறிவுரை எல்லா இனத்தவர் வீட்டிலும் கேட்கிறது. நம் வீடுகளில் இன்னும் கூடுதலாகக் கேட்கிறது. மருத்துவம் கிடைத்தால் அறிவியல், இல்லையென்றால் வேண்டாம் என்ற எண்ணமும் நம்மிடம் உண்டு. மருத்துவத்துக்கும் வெறுங்கைக்கும் நடுவில் வேதியியல் போன்ற படிப்புகள் இருக்கின்றன என்பதைப் பெற்றோர் அறிய வேண்டும்.

வேதியியல் பட்டத்துக்குப் போகிற பாதை நான்காம் படிவத்தில் தொடங்குகிறது. எஸ்.பி.எம். தேர்வில் வேதியியலும் கணிதமும் வேண்டும். கூடுதல் கணிதமும் இருந்தால் கதவுகள் அதிகம் திறக்கும். அதன்பின் எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன். மெட்ரிகுலேஷன் இடம் கிடைக்கவில்லை என்று மனமுடைந்து படிப்பையே விடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எஸ்.டி.பி.எம். அரசாங்கப் பள்ளியிலேயே படிக்கக்கூடியது, செலவு குறைவு, ஒன்றரை ஆண்டில் முடிகிறது, பொதுப் பல்கலைக்கழகம் அதை ஏற்கிறது. எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ பெறும் மாணவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று 2024-இல் பிரதமர் அறிவித்தார். விதிகளும் தகுதிகளும் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைக் கட்டாயம் படியுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மலேசிய வேதியியல் கழகம் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்காகத் தேசிய வேதியியல் புதிர்ப்போட்டி நடத்துகிறது. உங்கள் பள்ளியின் இந்திய மாணவர்களையும் அதில் பதிந்துவிடுங்கள். கோயில் மண்டபத்திலும் பொது அமைப்புகளிலும் நடக்கும் இலவச வகுப்புகளில் தமிழ், கணிதத்தோடு வாரம் ஒரு மணி நேரம் வேதியியலுக்கும் ஒதுக்கலாம். சொல்லிக்கொடுக்க ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

மூன்றாம் படிவத்து முடிவில் பாடத் தேர்வுப் பாரம் வீட்டுக்கு வரும். அதில் கையெழுத்துப் போடுமுன் வகுப்பாசிரியரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "என் பிள்ளை அறிவியல் எடுத்தால் எந்தப் பாடத்தில் உதவி தேவைப்படும்?" அறிவியல் எடுக்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு 'வேண்டாம்' என்று எளிதாகப் பதில் வந்துவிடும். இந்தக் கேள்விக்கு அப்படி வராது. எந்தப் பாடம் என்று தெரிந்துவிட்டால், அதற்கான வகுப்பைத் தேடிப் பிடிக்க நான்காம் படிவம் தொடங்கும்வரை நேரம் இருக்கிறது.